மந்திரச் சுருளேட்டைப் படிப்பவர் யார்? பாத்திரமேற்பு விளையாட்டுகளில் மந்திரத் திறன்களின் எல்லை மயக்கம்

முன்னுரை

மேசையைச் சுற்றி அமர்ந்த நால்வர் அல்லது ஐவர் ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரத்தை ஏற்று, பேச்சாலேயே ஒரு கதையை நடத்திச் செல்வது பாத்திரமேற்பு விளையாட்டு எனப்படும். ஒருவர் ஆட்ட நடுவராக இருந்து கதையின் உலகத்தையும் அதில் வாழ்வோரையும் விவரிப்பார். ஏனையோர் தத்தம் பாத்திரம் செய்வதைச் சொல்வர். செயலின் முடிவு ஐயத்துக்குரியதாகும் இடத்தில் பகடை உருட்டப்படும். ஒரு பாத்திரத்துக்கு எது தெரியும், எது செய்ய இயலும் என்பதை எண்ணால் குறிப்பதே திறன் ஆகும். இவ்விளையாட்டுகளின் விதிநூல்கள் பல நூறு பக்கங்களுக்கு விரிபவை. அவற்றில் காணப்படும் திறன் பட்டியல்கள், அறிவையும் செயலையும் வகைப்படுத்தும் முயற்சிகள் என்ற முறையில் ஆய்வுக்குரியன.

அப்பட்டியல்களில் நெடுங்காலமாகத் தீராத சிக்கலாக இருப்பது மந்திரம் தொடர்பான திறன்களின் மேற்பொருந்தலாகும். மந்திரத்தைப் பற்றி அறிவது ஒரு திறன். பிறர் ஓதும் மந்திரத்தை இன்னதென்று இனங்காண்பது மற்றொரு திறன். மந்திரக் கருவியை இயக்குவது வேறொரு திறன். இவற்றின் எல்லைகள் எங்கே முடிகின்றன என்பதில் விதிநூல்கள் ஒரு நிலையில் நிற்கவில்லை.

தமிழ் இலக்கண மரபு இத்தகைய நிலையை இருவகையாகப் பிரித்து நோக்குகிறது. ஒன்றன் இடத்தில் மற்றொன்று வந்து பொருள் தருவது மயக்கம். வேற்றுமை மயங்கியல் எனத் தொல்காப்பியம் ஓர் இயலையே அதற்கு ஒதுக்கியுள்ளது. புதுப்பொருள் எதனையும் தராமல் முன்பு சொன்னதையே மீண்டும் சொல்வது கூறியது கூறல். அது நூற்குற்றம் பத்தனுள் ஒன்று. மந்திரத் திறன்களின் மேற்பொருந்தல் இவ்விரண்டனுள் எது என்பதை, டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்னும் அமெரிக்க விளையாட்டின் பதிப்புகளை முதன்மையாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. ஆய்வு சிதறாதிருக்க ஒரே நிகழ்வு அளவுகோலாக எடுத்துக்கொள்ளப்படுகிறது: பாழடைந்த கோட்டை ஒன்றில் மந்திரம் எழுதப்பட்ட சுருளேடு ஒன்று கிடைக்கிறது. அதனை யார் படிக்கலாம்? யார் பயன்படுத்தலாம்?

திறன் தோன்றுமுன் (1974 - 1984)

கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவரும் உருவாக்கிய டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974ஆம் ஆண்டு மூன்று சிறு நூல்களாக வெளிவந்தது. அதில் வீரன், மந்திரவாதி, சமயக்குரு என மூன்று பாத்திர வகைகளே இருந்தன. திறன் பட்டியல் என ஒன்று இல்லை. ஒருவரால் என்ன இயலும் என்பதை அவருடைய வகையே முடிவு செய்தது.

சுருளேட்டைப் படிப்பதும் அந்நூலில் ஒரு மந்திரமாகவே வைக்கப்பட்டது. ‘ரீட் மேஜிக்’ என்னும் மந்திரத்தை ஓதிய பிறகே மந்திரவாதி ஏட்டில் உள்ளதை அறிந்துகொள்வான். ஒரு பொருளில் மந்திரம் உள்ளதா எனக் காண ‘டிடெக்ட் மேஜிக்’ என்னும் மற்றொரு மந்திரம் இருந்தது. அறிதல் என்பது ஆற்றலுக்குள் அடங்கியிருந்தமையால் எல்லை மயக்கத்துக்கு அங்கு இடமில்லை.

1975ஆம் ஆண்டின் கிரேஹாக் என்னும் இணைப்பு நூல் கள்வன் என்னும் வகையைச் சேர்த்தது. பூட்டுத் திறத்தல், ஒளிதல் முதலிய கள்வனின் செயல்கள் நூற்றுவீதத்தில் தரப்பட்டன. பின்னர் தோன்றிய திறன் முறைக்கு இதனை முன்னோடி எனலாம். 1978இல் வந்த மேம்பட்ட விளையாட்டின் ஆட்டக்காரர் கையேட்டின்படி, பத்தாம் நிலையை எட்டிய கள்வன் மந்திர எழுத்தை விடுவித்துச் சுருளேட்டைப் பயன்படுத்தலாம். ஆனால் அது பிழைபட்டுப்போக 25 விழுக்காடு வாய்ப்பு உண்டு. மந்திரம் கல்லாத ஒருவன், முறையாகக் கற்றவனின் கருவியைத் தந்திரத்தால் இயக்கும் நிலை இங்கே விதியாக இடம்பெறுகிறது. மந்திரத்தைக் கற்றலும் மந்திரத்தைக் கையாளலும் வெவ்வேறாகப் பிரிந்த இடம் இது. பிற்கால மயக்கத்தின் வேர் இதுவே.

திறன் தோன்றுதல் (1985 - 1999)

1985ஆம் ஆண்டின் ஓரியண்டல் அட்வென்சர்ஸ் என்னும் நூல், படைக்கலம் சாராத பயிற்சிகள் என்னும் முறையை மேம்பட்ட விளையாட்டில் புகுத்தியது. 1986இல் வந்த நிலவறை, காட்டுவெளி ஆகியன பற்றிய இரு கையேடுகள் அதனை விரித்தன. 1989இல் வெளிவந்த இரண்டாம் பதிப்பு அப்பயிற்சிகளை ஒரு விருப்ப விதியாகத் தொகுத்தளித்தது.

இத்தொகுப்பில்தான் ‘ஸ்பெல்கிராஃப்ட்’, அதாவது மந்திரநுட்பம், பயிற்சியாக இடம்பெற்றது. இது மந்திரம் ஓதும் ஆற்றலை எவர்க்கும் தராது. பிறர் ஓதுவதைக் கண்டும் கேட்டும் அது எம்மந்திரம் என்று சொல்லும் அறிவையே தரும். ஒரு மந்திரப் பிரிவில் தனிப்பயிற்சி பெற்ற மந்திரவாதிக்கு அப்பிரிவைப் பொறுத்து 3 புள்ளிகள் மிகுதியாகக் கிடைத்தன. மந்திரவாதிகள், சமயக்குருமார் ஆகிய இரு குழுவினர்க்கும் இப்பயிற்சி உரியதாயிற்று. பிற வகையினரும் கூடுதலாக ஓர் இடத்தைச் செலவிட்டு இதனைப் பெறலாம்.

இங்கு ஒரு வினா எழுகிறது. ஒவ்வொரு நாளும் மந்திரம் ஓதி வாழும் ஒருவனுக்கு, பிறர் ஓதும் மந்திரத்தை இனங்காணத் தனிப்பயிற்சி எதற்கு? இப்பயிற்சியைப் பெறாத மந்திரவாதி தான் நாள்தோறும் ஓதும் மந்திரத்தையே எதிரியின் வாயில் கேட்டால் அறியமாட்டானா? ‘ஆற்றல் வகையிலிருந்து வருகிறது, அறிவு பயிற்சியிலிருந்து வருகிறது’ என்ற பிரிவினையின் விளைவு இது. ஆயினும் சுருளேட்டைப் படிக்க இப்பதிப்பிலும் பழைய ‘ரீட் மேஜிக்’ மந்திரமே வேண்டியிருந்தது. திறனும் மந்திரமும் இன்னும் ஒன்றன் எல்லைக்குள் மற்றொன்று நுழையவில்லை.

மூன்றாம் பதிப்பின் பட்டியல் (2000 - 2008)

விசர்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் 1997இல் இவ்விளையாட்டை வெளியிட்டுவந்த டி.எஸ்.ஆர். நிறுவனத்தை வாங்கியது. மான்டி குக், ஜானதன் ட்வீட், ஸ்கிப் வில்லியம்ஸ் ஆகிய மூவரும் வடிவமைத்த மூன்றாம் பதிப்பு 2000ஆம் ஆண்டு வந்தது. 2003இல் அதன் திருத்தப் பதிப்பு வெளியாயிற்று. இருபது முகப் பகடையை உருட்டி, திறனின் மதிப்பைக் கூட்டி, இலக்கெண்ணை எட்டுவது எல்லாச் செயல்களுக்கும் பொது விதியானது. திறன் விருப்ப விதி என்ற நிலை மாறி, ஆட்டத்தின் தூணாயிற்று.

மந்திரம் சார்ந்த திறன்கள் பல்கியதும் இப்பதிப்பில்தான். 2003ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி அவை பின்வருமாறு அமைந்தன. மறைபொருள் அறிவு: மந்திர மரபுகள், குறியீடுகள், பறவைநாகங்கள் போன்றவற்றைப் பற்றிய கல்வி. மந்திரநுட்பம்: ஓதப்படும் மந்திரத்தையும் எழுதப்பட்ட மந்திரத்தையும் இனங்காணல். மந்திரக் கருவியாட்சி: தனக்குரியதல்லாத கருவியை இயக்குதல். எழுத்து விடுவிப்பு: அறியாத எழுத்தின் பொருள் காணல். மனஒருமை: இடையூற்றுக்கு நடுவே மந்திரத்தைக் கைவிடாதிருத்தல். சமயம், பிற உலகங்கள் ஆகியன பற்றிய அறிவுகள் இவற்றின் அருகே நின்றன. 2000ஆம் ஆண்டு நூலில் தொலைக்காட்சி மந்திரங்களுக்கெனத் தனித்திறன் ஒன்றும் இருந்து, 2003இல் நீக்கப்பட்டது.

நம் சுருளேட்டை இப்பதிப்பில் வைத்துக் காண்போம். முதல் வழி பழைய மந்திரம். இரண்டாவது வழி மந்திரநுட்பம். இதற்கு இலக்கெண், மந்திரத்தின் படிநிலையோடு 20. மூன்றாவது வழி மந்திரக் கருவியாட்சி. இலக்கெண், படிநிலையோடு 25. ஒரே ஏடு, ஒரே செயல், ஒரே பயன். வேறுபாடு 5 எண் மட்டுமே. பொதுவான அறியா எழுத்துக்கு உரிய எழுத்து விடுவிப்பும் இவற்றோடு நெருங்கி நிற்கிறது.

இம்மேற்பொருந்தலை வடிவமைப்பாளர் அறியாதவர் அல்லர். ஒரு திறனில் 5 படிகள் பெற்றவர்க்குத் தொடர்புடைய மற்றொரு திறனில் 2 புள்ளிகள் மிகும் என்னும் துணைத்திறன் விதியை அவர்கள் அமைத்தனர். மறைபொருள் அறிவு மந்திரநுட்பத்துக்குத் துணை. மந்திரநுட்பம், சுருளேட்டைப் பொறுத்தவரை, கருவியாட்சிக்குத் துணை. கருவியாட்சியோ சுருளேட்டை விடுவிக்கும்போது மந்திரநுட்பத்துக்குத் துணை. எழுத்து விடுவிப்பும் கருவியாட்சிக்குத் துணை. இவ்வாறு ஒன்றுக்கொன்று கைகொடுக்கும் வலை உருவாயிற்று. எல்லைகள் தெளிவாக இருந்திருப்பின் இத்தகைய வலை தேவைப்பட்டிராது என்பது கருதத்தக்கது.

இதன் விலையைக் கணக்கிட்டுக் காணலாம். முதல் நிலை மந்திரவாதிக்கு 2 புள்ளிகளோடு அறிவுத்திறத்தின் மிகுதியும் சேர்ந்து நான்கால் பெருக்கப்படும். அறிவுத்திறம் 16 எனின் மிகுதி 3; ஆகவே கிடைப்பது 20 புள்ளிகள். ஒரு திறனில் அந்நிலையில் 4 படிகளுக்குமேல் வைக்க இயலாது. எனவே முழுமையாகப் பயிலக்கூடிய திறன்கள் ஐந்து. மறைபொருள் அறிவு, மந்திரநுட்பம், மனஒருமை, எழுத்து விடுவிப்பு என்ற நான்கையும் கொண்டால் எஞ்சுவது ஒன்றே. மந்திரவாதி என்று பெயர் பெறுவதற்கே அவன் தன் கல்வியில் ஐந்தில் நான்கு பங்கைச் செலவிட்டான். வரலாறு, நிலவியல், பிற உலகங்கள் என்று அவன் ஆட்டத்துக்குக் கொண்டுவந்திருக்கக்கூடியவை வெளியே நின்றன. மேற்பொருந்தல் வெறும் சொற்சிக்கல் அன்று. ஒருவருடைய பாத்திரம் எத்தகையதாக இருக்கலாம் என்பதையே அது குறுக்கியது.

இப்பெருக்கம் இணைப்பு நூல்களாலும் வளர்ந்தது. 2001ஆம் ஆண்டின் மனஆற்றல் கையேடு, மந்திரநுட்பத்துக்கு இணையாக மனஆற்றல்நுட்பம், கருவியாட்சிக்கு இணையாக மனஆற்றல் கருவியாட்சி, மறைபொருள் அறிவுக்கு இணையாக மனஆற்றல் அறிவு என முக்கூறுகளையும் அப்படியே இரட்டித்தது. இவற்றைக் கூறியது கூறல் என்றே கொள்ளவேண்டும். பொருள் மாறியதேயன்றிப் பகுப்பு மாறவில்லை.

வினையும் பொருளும்: ஆர்ஸ் மேஜிகா

மூன்றாம் பதிப்பை வடிவமைத்த மூவருள் ஒருவரான ஜானதன் ட்வீட், அதற்கு முன் மார்க் ரைன்-ஹேகனுடன் சேர்ந்து 1987இல் ஆர்ஸ் மேஜிகா என்னும் விளையாட்டை உருவாக்கியவர். இடைக்கால ஐரோப்பிய மந்திரவாதிகளைப் பற்றிய அவ்விளையாட்டில் மந்திரக்கலைகள் பதினைந்து. அவற்றுள் ஐந்து செயல்முறைகள், பத்து வடிவங்கள். செயல்முறைகளின் பெயர்கள் இலத்தீன் தன்மை ஒருமை வினைகள்: படைக்கிறேன், அறிகிறேன், மாற்றுகிறேன், அழிக்கிறேன், ஆள்கிறேன் என்பன. வடிவங்களின் பெயர்கள் நீர், தீ, மண், உடல், மனம் முதலிய பொருள்களைக் குறிப்பன. அவற்றுள் பெரும்பாலானவை செயப்படுபொருள் வேற்றுமையில் நிற்கின்றன. ஆதலால் ஒரு மந்திரம் என்பது ‘தீயைப் படைக்கிறேன்’ என்பது போன்ற ஒரு சிறு தொடராகவே அமைகிறது. வினையின் மதிப்பும் பொருளின் மதிப்பும் கூட்டப்பட்டு ஆற்றல் கணிக்கப்படும். பதினைந்து கலைகளிலிருந்து ஐம்பது சேர்க்கைகள் கிடைக்கின்றன.

எல்லை மயக்கத்துக்கான காரணத்தை இவ்வமைப்பு தெளிவாக்குகிறது. வினையால் பகுப்பது ஒரு நெறி. பொருளால் பகுப்பது மற்றொரு நெறி. இரண்டையும் வெவ்வேறு வரிசைகளாக வைத்துக் குறுக்கே பிணைத்தால் மேற்பொருந்தல் எழுவதில்லை. மூன்றாம் பதிப்பின் பட்டியலோ இரண்டையும் ஒரே வரிசையில் நிறுத்தியது. மறைபொருள் அறிவு, சமய அறிவு என்பன பொருளால் பெயர்பெற்றவை. விடுவித்தல், இயக்குதல் என்பன வினையால் பெயர்பெற்றவை. மந்திரநுட்பமோ பொருளும் வினையும் கலந்தது. பகுப்பு நெறி இரண்டாயிருக்க வரிசை ஒன்றாயிருந்தமையே சிக்கலின் மூலம் எனலாம்.

ஆயினும் ஆர்ஸ் மேஜிகாவும் முற்றும் தப்பவில்லை. 2004ஆம் ஆண்டு வந்த அதன் ஐந்தாம் பதிப்பில், கலைகளுக்குப் புறம்பான திறன்களுள் மந்திரக் கோட்பாடும் மந்திரச் செய்தியறிவும் தனித்தனியே உள்ளன. முன்னது ஆய்வுக்கூடப் பணிக்கு உரியது. பின்னது மந்திர இடங்களையும் உயிர்களையும் பற்றியது. பிணைப்பு முறையின் எல்லைக்கு வெளியே வந்தவுடன் பழைய நெருக்கம் திரும்புகிறது.

பொருளுடைய மயக்கம்: கால் ஆஃப் கதூலு

மேற்பொருந்தல் எப்போதும் குற்றமாகாது என்பதற்குச் சான்றாக, சாண்டி பீட்டர்சன் வடிவமைப்பில் கேயாசியம் நிறுவனம் 1981இல் வெளியிட்ட கால் ஆஃப் கதூலு என்னும் அச்சக்கதை விளையாட்டைக் காட்டலாம். அதில் அமானுடக்கலை என்றொரு திறனும், கதூலு புராணம் என்றொரு திறனும் உள்ளன. இரண்டும் மறைந்த ஆற்றல்களைப் பற்றியவையே. முன்னதை எவரும் நூல்களைக் கற்றுப் பெறலாம். பின்னதைப் பாத்திரத்தை உருவாக்கும்போது புள்ளி கொடுத்துப் பெற இயலாது. ஆட்டத்தின் போக்கில், அஞ்சத்தக்கவற்றைக் காண்பதாலும் தீய நூல்களைப் படிப்பதாலுமே அது வளரும். வளருந்தோறும் மனநலத்தின் உச்ச எல்லை குறையும்; 99இலிருந்து புராண அறிவைக் கழித்தால் கிடைப்பதே அவ்வெல்லை.

ஒரே சின்னத்தை இருவர் காண்கின்றனர் என்க. முதல் திறன் உடையவர் உலக மரபுகளில் அதற்குள்ள விளக்கத்தைச் சொல்வார். இரண்டாம் திறன் உடையவர் உண்மையைச் சொல்வார். அவ்வுண்மைக்கு விலையும் கொடுத்திருப்பார். இரு திறன்களும் ஒரே பொருளைத் தொடினும் ஒரே விடையைத் தருவதில்லை. உலகம் நம்பும் அறிவுக்கும் உண்மை அறிவுக்கும் இடையே உள்ள இடைவெளியே இவ்விளையாட்டின் கருப்பொருள். அவ்விடைவெளியைச் சுமப்பது இம்மயக்கமே. இவற்றை ஒன்றாக்கினால் விளையாட்டின் பொருளே கெடும்.

சேர்த்தலும் மறுபகுப்பும் (2008 - 2019)

2008இல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் நான்காம் பதிப்பு திறன்களைப் பதினேழாகச் சுருக்கியது. மந்திரநுட்பம், மறைபொருள் அறிவு ஆகியவற்றின் பணிகள் ‘அர்கேனா’ என்னும் ஒரே திறனில் சேர்ந்தன. பழைய ‘டிடெக்ட் மேஜிக்’ மந்திரத்தின் பணியும் அதற்குள் வந்தது. 1974இல் திறனின் இடத்தில் மந்திரம் நின்றது. 2008இல் மந்திரத்தின் இடத்தில் திறன் நின்றது. சடங்குச் சுருளேட்டை எவரும் பயன்படுத்தலாம் என்றாயிற்று. கருவியாட்சிக்கு வேலையில்லாமற் போயிற்று.

பைசோ நிறுவனம் 2009இல் வெளியிட்ட பாத்ஃபைண்டர், மூன்றாம் பதிப்பின் வழியிலேயே நின்றது. மனஒருமையைத் திறன் பட்டியலிலிருந்து நீக்கியது. எழுத்து விடுவிப்பை மொழியியல் என்னும் திறனில் சேர்த்தது. ஆயின் மந்திரநுட்பமும் மறைபொருள் அறிவும் கருவியாட்சியும் தனித்தனியே நீடித்தன. அவற்றின் எல்லையும் மேலும் நுணுகியது. மந்திரம் ஓதப்படும்போது இனங்காண மந்திரநுட்பம். ஓதி முடிந்து நிலைபெற்ற விளைவை இனங்காண மறைபொருள் அறிவு. ஒரே ‘டிடெக்ட் மேஜிக்’ மந்திரத்தைக் கொண்டு பொருளின் ஒளிவட்டம் எப்பிரிவினது என அறிய ஒரு திறன். அப்பொருளின் பயனை அறிய மற்றொரு திறன். இந்நிறுவனமே 2015இல் வெளியிட்ட ஒரு விருப்பத்தொகுப்பில் முப்பத்தைந்து திறன்களைப் பன்னிரண்டாகக் குறைத்து, இம்மூன்றையும் ஒன்றாக்கியது. பழைய எல்லைகள் மிகையானவை என்பதற்கு அவற்றை வகுத்தோர் தந்த சான்றாக இதனைக் கொள்ளலாம்.

2014ஆம் ஆண்டின் ஐந்தாம் பதிப்பில் திறன்கள் பதினெட்டு. அர்கேனாவும் சமயமும் அறிவுத்திறத்தைச் சார்ந்தவை. சமயக்குருவுக்கோ முதன்மையான பண்பு ஞானம். ஆகவே சமயம் பயின்ற மந்திரவாதி, தன் தெய்வத்துக்கே ஊழியம் செய்யும் குருவைவிடச் சமயச் செய்திகளை மிகுதியாக அறிந்திருக்கும் நிலை இயல்பாக நேர்கிறது. ஓதப்படும் மந்திரத்தை இனங்காணும் விதி ஆட்டக்காரர் கையேட்டில் இல்லை. அது 2017இல் வந்த இணைப்பு நூலில் அர்கேனாவின் பணியாக அமைந்தது. குருமார் ஓதும் மந்திரத்துக்கும் அத்திறனே உரியது. கருவியாட்சி திறனாக இல்லை. கள்வருள் ஒரு பிரிவினர் பதின்மூன்றாம் நிலையில் பெறும் உரிமையாக அது நிற்கிறது. முன்பு கள்வனிடம் தோன்றிய உரிமை, எல்லார்க்கும் பொதுவான திறனாக விரிந்து, மீண்டும் கள்வனிடமே வந்து சேர்ந்தது.

2019இல் வந்த பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பு வேறு வழியை நாடியது. மந்திரம் நான்கு மரபுகளாக வகுக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு திறன் உரித்தாக்கப்பட்டது. சடப்பொருள், மனம், ஆவி, உயிர் என்னும் நான்கு மூலங்களில் இவ்விரண்டு சேர்ந்து ஒரு மரபாகும். சடமும் மனமும் அர்கேனா; மனமும் ஆவியும் மறைக்கலை; ஆவியும் உயிரும் சமயம்; உயிரும் சடமும் இயற்கை. இனங்காணல், கற்றல் முதலிய வினைகள் நான்கு திறன்களுக்கும் பொதுவாயின. ஒரு மரபின் மந்திரத்தை வேறு மரபின் திறனால் இனங்காண முயன்றால் இலக்கெண் 5 கூடும். மந்திரம் அறியாதவர் சுருளேட்டைப் பயன்படுத்த, அதற்குரிய மரபின் திறனும் ஒரு சிறப்புப் பயிற்சியும் வேண்டும். பகுப்பு நெறி பொருள் ஒன்றே; வினைகள் பொதுவில் வைக்கப்பட்டன. ஆர்ஸ் மேஜிகாவின் குறுக்குப் பிணைப்பை ஒத்த தீர்வு இது. இங்கும் மேற்பொருந்தல் உண்டு. ஆனால் அது எங்கே, எவ்வளவு என்பது விதியால் அளவிடப்பட்டுள்ளது.

முடிவுரை

மேற்கண்டவற்றால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

மந்திரத் திறன்களின் மேற்பொருந்தல் ஒரே நேரத்தில் நேர்ந்த கவனக்குறைவால் விளைந்ததன்று. கள்வனின் தந்திரம், 1989ஆம் ஆண்டின் பயிற்சி, 2000ஆம் ஆண்டின் அறிவுத்துறைப் பட்டியல் என வெவ்வேறு காலத்து வினாக்களுக்கு எழுந்த விடைகள் ஒரே வரிசையில் வந்து நின்றதன் விளைவே அது.

வினையால் பகுத்தவையும் பொருளால் பகுத்தவையும் ஒரே பட்டியலில் கலந்தபோது அது மிகுந்தது. இரண்டனுள் ஒன்றைப் பட்டியலின் நெறியாகவும் மற்றொன்றைப் பொதுவாகவும் வைத்தபோது அது அடங்கியது. சேர்த்துச் சுருக்குதல் சுமையைக் குறைத்தது. ஆனால் குருவின் அறிவுக்கும் மந்திரவாதியின் அறிவுக்கும் இடையே இருந்த வேறுபாட்டையும் சில இடங்களில் அழித்தது.

இரு திறன்கள் ஒரு பொருளைத் தொடுவதால் மட்டும் அவற்றுள் ஒன்றை மிகை என்று தள்ளலாகாது. ஒரே சுருளேட்டை இருவர் கையில் கொடுத்து, இருவரும் சொல்வது வேறாகிறதா என்று காணவேண்டும். வேறாயின் அது மயக்கம்; காக்கத்தக்கது. 5 எண் மட்டுமே வேறாகி, சொல்வது ஒன்றேயாயின் அது கூறியது கூறல். அதற்கு விலை கொடுப்பவர் ஆட்டக்காரர். கலைச்சொல் தொகுப்பு, அறிவுத்துறைப் பகுப்பு முதலிய பிற பட்டியல்களை ஆராய்வோர்க்கும் இவ்வளவுகோல் பயன்படும்.